பக் நாயை மே மாதம் சென்னையிலிருந்து லண்டனுக்கு கார்கோவில் அனுப்பலாமா?

கேட்டிருப்பது இது: நான்கு வயது பக் நாய். வேலை மாற்றலில் குடும்பத்தோடு மே மாதம் லண்டன் போகிறார்கள். நாயை கார்கோவில்தான் அனுப்ப முடியும் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. மே மாதம், சென்னை, பக், இந்த மூன்றும் சேர்ந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். இதையே ஒரு நாட்டு நாய்க்கோ லாப்ரடாருக்கோ ஜனவரி மாதப் பயணமாகக் கேட்டிருந்தால் தாராளமாக அனுப்புங்கள் என்றிருப்பேன்.

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. விமானத்தில் பிரிட்டனுக்குள் வரும் செல்லப்பிராணிகள், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்களைத் தவிர, கார்கோவாகத்தான் இறங்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. "ஆயிரக்கணக்கில் போகின்றன சார், ஒன்றும் ஆகாது" என்று அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அமெரிக்க விமான நிறுவனங்கள் தங்கள் கையில் இறந்த, காயம்பட்ட, தொலைந்த விலங்குகளின் கணக்கை அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2005-இல் வந்தது. 2017-இல் ஏறத்தாழ 5,07,000 விலங்குகள் பறந்ததில் 24 இறந்தன. பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை.

ஆனால் எந்த நாய்கள் இறந்தன என்று பாருங்கள். 2005 முதல் 2010 வரையிலான ஐந்து வருடக் கணக்கை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை வெளியிட்டது. இறந்தவை 122 நாய்கள். ஜாதி நாய்களில் ஏறத்தாழ பாதி குட்டை மூக்குக்காரர்கள். இங்கிலிஷ் புல்டாக் மட்டும் 25, அடுத்தது பக், 11. பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை என்பது எல்லா விலங்குகளையும் சேர்த்து எடுத்த சராசரி. உங்கள் பக்கிற்கு அந்தச் சராசரி பொருந்தாது.

காரணம் மூச்சு போகும் பாதையில் இருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக்கிற்கு மூக்குத் துளை இடுக்கு, முகம் சப்பை, உள்ளே மேலண்ணத்தின் மென்சதை நீளமாகத் தொங்கிக் காற்று போகும் வழியை மறைக்கும். சூடேறினால் வேகமாக இளைக்கும். வேகமாக இளைத்தால் அந்தச் சதை வீங்கும். வீங்கினால் காற்று குறையும், சூடு இன்னும் ஏறும். வீட்டில் என்றால் நீங்கள் பார்த்துவிட்டு ஈரத்துணி போடுவீர்கள், ஃபேனைப் போடுவீர்கள். கூண்டுக்குள் யார் பார்ப்பது? பயமும் சேர்ந்துகொண்டால் இந்தச் சுழல் சில நிமிடங்களிலேயே கைமீறிவிடும்.

விமானத்தின் அடிவயிற்றில் காற்றில்லாமல் குளிரில் விறைத்துவிடும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் விலங்குகளை வைக்கும் அறையிலும் பயணிகள் அறையில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். உயிருள்ள விலங்கு ஏறியிருக்கிறது என்று கேப்டனுக்கு எழுத்தில் தகவல் போகும், அந்த அறையின் வெப்பநிலையை அதற்கேற்ப வைப்பார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும், ஊட்டியைவிடச் சற்று மேலே. நல்ல மூக்குள்ள நாய்க்கு அது பொருட்டே இல்லை. ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் நாய்க்கு அதுவும் ஒரு சுமைதான். உலர்பனிக்கட்டி போட்ட பெட்டிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதிலிருந்து கரியமிலவாயு வரும். மருந்தும் மீனும் ஏறும் விமானங்களில் இது சாதாரண விஷயம், அதனால் முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள்.

என் கவலை தரையில்தான். கார்கோ வளாகத்தில் பல மணி நேரம் முன்பே ஒப்படைக்க வேண்டும். எக்ஸ்ரே, சுங்கம், ஏர்வே பில் என்ற சரக்குச் சீட்டு, பிறகு ட்ராலியில் ஏற்றி விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். விமானம் தாமதமானால் அங்கேயே நிற்கும். அமெரிக்க விலங்கு நலச் சட்டம் இப்படி இடம் மாற்றும்போது 29.5 டிகிரிக்கு மேல் 45 நிமிடம்தான் அனுமதிக்கிறது. சென்னையில் கத்திரி வெயில் காலத்தில் நடு ராத்திரியே 29, 30-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. "அதிகாலை ஃபிளைட் சார், வெயிலே இருக்காது" என்று சமாதானம் சொல்வார்கள். வெயில் இருக்காது, வெக்கையும் ஈரப்பதமும் இருக்கும். காற்றில் ஈரம் கூடினால் இளைப்பதால் கிடைக்கும் குளிர்ச்சி குறைந்துவிடும். வளைகுடா வழியாகப் போகும் விமானம் என்றால் அங்கேயும் ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டும், அதுவும் கோடையில்.

எங்கள் நாட்டு நாயை ஒரு ஜனவரியில் நேரடி விமானத்தில் லண்டனுக்கு அனுப்பினேன். நீள மூக்கு, ஒல்லி உடம்பு, அதனால் மூச்சைப் பற்றிக் கவலைப்படவில்லை. கூண்டைக் கடித்து உடைத்து வெளியே வந்துவிடுவாளோ என்பதுதான் பயம். தெருவில் பிறந்த நாய்களுக்கு அடைபடுவது பிடிக்காது. ஓடுபாதைப் பக்கம் ஓடிவிட்டால் பிடிப்பது கஷ்டம். அதனால் பயணத்துக்கு முன் பழக்குவதற்காக மாதக்கணக்கில் அந்தக் கூண்டுக்குள்ளேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்துவிட்டு இரும்பு போல்ட் நட்டு போட்டோம், கதவின் நாலு மூலையிலும் கேபிள் டை. ஒப்படைத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே நின்றது கொடுமை. ஹீத்ரோ விலங்கு வரவேற்பு மையத்திலும் காகிதங்களைச் சரிபார்த்து வெளியே விட மணிக்கணக்கில் ஆனது. அந்தக் காத்திருப்பெல்லாம் அவளால் தாங்க முடிந்தது. ஒரு பக்கால் முடிந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும், தொண்டைத் தசையைத் தளர்த்தும். பக்கிற்கு மூன்றுமே ஆபத்து. தெரிந்தால் விமான நிறுவனமே ஏற்றாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தேதி. மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநாய்த் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. இந்த வரிசை மாறினால் அங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால் எப்படியும் மே கைகூடாது. நீங்கள் முன்னால் போங்கள். நாய் தாத்தா பாட்டியிடமோ நம்பிக்கையானவரிடமோ டிசம்பர், ஜனவரி வரை இருக்கட்டும். பிரிவு நாய்க்கு வருத்தம்தான், ஆனால் அதிலிருந்து மீண்டுவிடும்.

இன்னொரு வழி, கார்கோவையே தவிர்ப்பது. ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றில் பையோடு சேர்த்து 8 கிலோ வரை உள்ள நாயைக் கேபினிலேயே காலடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். பாரிஸ் வரை அப்படிப் போய், காரில் பிரான்சின் கடலோர ஊரான கலே சென்று, கடலடிச் சுரங்க ரயிலில் அதே காரில் உட்கார்ந்தபடியே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்து போய்விடலாம். ரயில் பயணம் 35 நிமிடம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். பிரிட்டனுக்குள் நுழைய 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். செலவும் அலைச்சலும் அதிகம். பக் 6 முதல் 8 கிலோ இருக்கும் என்பதால் எடைதான் சிக்கல், இன்றே நிறுத்துப் பாருங்கள். கூடுதல் எடையைக் குறைத்தால் மூச்சுக்கும் நல்லது. கேபினிலும் கவனம் வேண்டும். 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன விமானத்தில், பணிப்பெண் சொல்லித் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைத்த 10 மாத ஃபிரெஞ்ச் புல்டாக் இறந்துபோனது. யார் சொன்னாலும் பையைக் காலடியை விட்டு எடுக்காதீர்கள்.

அப்புறம், எந்த வழியில் போவதானாலும் அதற்கு முன் குட்டை மூக்கு நாய்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குத் துளையையும் மென்சதையையும் சோதிக்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறதா, கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறதா, எப்போதாவது ஈறு நீலம் பாய்ந்ததா என்று அவர் கேட்பார், குறித்து வைத்துக்கொண்டு போங்கள். அறுவை சிகிச்சை தேவை என்று சொன்னால் அதை முதலில் முடித்து, நன்றாக ஆறிய பிறகு அவரிடமே பயணத் தேதியைக் கேட்டு டிக்கெட் போடுங்கள்.