டர்போ ஏற்றிய இன்ஜினுக்கு எந்த ஹெட் கேஸ்கெட்?

வணக்கம் சார்,

என்னுடையது 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர், போரும் ஸ்ட்ரோக்கும் 86 மி.மீ., கம்ப்ரஷன் 10க்கு 1. டர்போ இல்லாமல் வந்த இன்ஜினில் பிறகு டர்போ சேர்த்து 0.8 பார் பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம்) ஓட்டுகிறேன். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் இரண்டு முறை போய்விட்டது. இரண்டு முறையும் 2, 3 சிலிண்டர்களுக்கு நடுவில்தான். போட்டிருந்தது கிராஃபைட் கேஸ்கெட். "செம்புத் தகடு போடுங்கள், எந்த பூஸ்டும் தாங்கும்" என்கிறார் ஒரு மெக்கானிக். தடிமனான மெட்டல் கேஸ்கெட் போட்டால் கம்ப்ரஷனும் குறையும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறார் இன்னொருவர். எது சரி? மற்ற கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டுமே வேண்டாம். பழைய தடிமனிலேயே பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போடுங்கள், எம்.எல்.எஸ். என்று கேட்டால் தெரியும். ஆனால் அதை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டால் மூன்றாவது முறையும் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 86 மி.மீ. போரின் பரப்பு 58 சதுர செ.மீ. டர்போ இல்லாதபோது சிலிண்டரின் உச்ச அழுத்தம் 70 பார் என்று வைத்தால், ஹெட்டை மேலே தள்ளும் விசை சுமார் 4 டன். பூஸ்டில் அது 100 பாரைத் தொட்டால் கிட்டத்தட்ட 6 டன். 3000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை இப்படி முட்டுகிறது. அதைப் பிடித்து வைப்பது ஹெட் போல்ட்தான். ஹெட் சில மைக்ரான் எழும்பி அமரும்போது கேஸ்கெட்டும் கூடவே எழும்பி அமர்ந்தால் போதும். கிராஃபைட் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்பி எழாது. எம்.எல்.எஸ்.ஸின் வெளி அடுக்குகள் ஸ்பிரிங் எஃகு; போரைச் சுற்றி புடைப்பாக அடித்திருப்பார்கள், அது எழும்பும். 2க்கும் 3க்கும் நடுவில் உலோகம் ஒடுக்கம், இருபுறமும் சூடு. அதனால்தான் முதலில் அங்கே போகிறது.

எம்.எல்.எஸ். பரப்பு விஷயத்தில் ரொம்பக் கறார். அதன் மேல் இருக்கும் ரப்பர் பூச்சு முடியை விட மெல்லியது, கீறலை நிரப்பாது. ஹெட், பிளாக் இரண்டின் முகமும் ஆர்.ஏ. (பரப்பின் சொரசொரப்பு அளவு) 1.3 மைக்ரானுக்குள் வேண்டும், 0.8க்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஹெட்டை மட்டும் கிரைண்டிங்குக்கு அனுப்பிவிட்டு பிளாக்கைத் துணியால் துடைத்துப் பூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் எங்காவது நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் பிளாக்கையும் மெஷினிங் செய்ய வேண்டும். 2, 3க்கு நடுவில் நகத்தால் வருடுங்கள். இரண்டு முறை நெருப்பு ஓடிய இடம் அரித்திருக்கும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட சுழலும் உராய்வு டிஸ்க் மட்டும் வேண்டாம். அலுமினியத்தில் பள்ளம் விழும், அதன் பொடி ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும்.

அடுத்தது போல்ட். திருகி நீட்டும் வகை ஒரிஜினல் போல்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். உங்கள் பூஸ்டுக்கு ஸ்டட் (இரு முனையிலும் திரெட் உள்ள கம்பி, மேலே நட் போட்டு இறுக்குவது) போடுவது நல்லது. ஸ்டட்டை பிளாக்கில் கையால் மட்டும் திருகுங்கள், டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) நட்டுக்குத்தான். நட்டின் திரெட்டிலும் வாஷருக்கு மேலும் ஸ்டட்டோடு வந்த லூப்ரிகண்டையே தடவ வேண்டும். நாம் கொடுக்கும் டார்க்கில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. லூப்ரிகண்டுக்குப் பதில் இன்ஜின் ஆயில் தடவினால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், பிடி குறைந்திருக்கும். அடி மூடிய துளைகளில் ஆயிலோ கூலண்டோ தேங்கியிருந்தால் திருகும்போது பிளாக்கே வெடிக்கலாம்; காற்றடித்து உலர்த்துங்கள். வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இறங்கும் துளை என்றால் திரெட் சீலண்ட் தேவை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக இறுக்குங்கள்.

தடிமன் யோசனைக்கு வருகிறேன். 1 மி.மீ. கேஸ்கெட்டை 1.6 ஆக்கினால் சிலிண்டருக்கு சுமார் 3.5 சி.சி. கூடும், கம்ப்ரஷன் 10லிருந்து 9.5க்குத்தான் இறங்கும். பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே 1 மி.மீ. அளவில் இருந்த நெருக்கம் அதற்காகப் போய்விடும். கலவையைக் கலக்கி வேகமாக எரிய வைப்பது அந்த நெருக்கம்தான். அது போனால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) அதிகமாகலாம். கம்ப்ரஷனைக் குறைக்க பிஸ்டனை மாற்றுங்கள், 8.5 அல்லது 9க்கு. கேஸ்கெட்டின் போர் 87 மி.மீ. இருக்கட்டும், ஓரம் அறைக்குள் நீட்டினால் பழுத்துப்போய் பிளக்குக்கு முன்பே பற்றவைக்கும்.

செம்பு ரேஸ் இன்ஜினுக்கு. பிளாக்கில் பள்ளம் வெட்டி எஃகு வளையம் பதிக்காமல் அது சிலிண்டருக்குள் எரியும் நெருப்பைத் தடுத்து நிறுத்தாது. பதித்தாலும் கூலண்ட் கசிவோடு ஓயாத மல்லுக்கட்டு.

பூட்டுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்போ, மினுங்கும் அலுமினியத் துளிகளோ தெரிந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. அப்படியென்றால் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. பூஸ்ட் ஏற ஏற ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுங்கள். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையில் இருக்கட்டும். கம்ப்ரஷன் 10லேயே இருக்கும்வரை பூஸ்டையும் குறைத்து ஓட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. எக்ஸாஸ்ட் மேனிபோல்ட், டர்போ ஃபிளாஞ்சு இரண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் அடுக்கு கேஸ்கெட். அங்கே 900 டிகிரி வரை போகும், சிலிக்கான் பேஸ்ட் எரிந்துவிடும். டர்போவின் ஆயில் டிரெயினிலும் பேஸ்ட் வேண்டாம். உள்ளே பிதுங்கிய துண்டு வழியை அடைத்தால் டர்போ சீல் வழியாக ஆயில் புகையும். இன்டேக் மேனிபோல்ட்டில் காகித கேஸ்கெட் இருந்தால் ரப்பர் விளிம்புள்ள மெட்டலுக்கு மாறுங்கள். வால்வ் கவர் கேஸ்கெட்டும் பின் ஆயில் சீலும் கசிந்தால், அவற்றை மாற்றுவதற்கு முன் பி.சி.வி. லைனைப் (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு இழுக்கும் குழாய்) பாருங்கள். பூஸ்ட் அதன் வழியே கிராங்க்கேசுக்குள் இறங்காதபடி ஒருவழி வால்வு இருக்க வேண்டும். வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். இரு பக்கமும் போனால் வால்வை மாற்றுங்கள்.