குடியை நிறுத்த வி.ஆர். கண்ணாடி உதவுமா?

கேள்வி: என் அண்ணாவுக்கு 38 வயது, தினமும் குடி. வெளிநாட்டில் வி.ஆர். கண்ணாடியை (வேறொரு இடத்தில் நிற்பது போலக் காட்டும் கருவி) மாட்டி இதற்கு வைத்தியம் செய்கிறார்களாம். ஒன்றை வாங்கி வீட்டிலேயே செய்து பார்க்கலாமா? நாங்கள் மட்டக்களப்பு.

தங்கச்சி, நானும் மட்டக்களப்புத்தான், களுவாஞ்சிக்குடிப் பக்கம். 16 வருடம் குடித்தேன், விட்டு 8 வருடம். டொக்டர் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியை ஒரு நாள் மாட்டிப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

போன சித்திரை வருடப்பிறப்புக்குக் கட்டாரில் இருந்து வந்த மருமகன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். "மாமா, உங்களுக்கு ஒரு சோதனை" என்று தலையில் மாட்டிவிட்டான். உள்ளே ஏதோ வெள்ளைக்காரர் ஊர் பார். தலையைத் திருப்பினால் பாரும் சேர்ந்து திரும்புகிறது. தலைகீழாகத் தொங்கும் கிளாசுகள், பளபளக்கும் மரப்பலகை, ஒருவன் ஊற்றி என் பக்கம் நீட்டுகிறான். எனக்கு ஒன்றுமே இல்லை. ஆரோ தெரியாதவர்களின் கலியாண வீடியோ பார்த்த மாதிரி இருந்தது. கழற்றி மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிற மணம் வந்தது. வாய் ஊறிற்று, ஆனால் கருவாட்டுக்கு இல்லை. என் வலக்கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் போத்தல் மூடியைத் திருகுவது போலத் தானாக உரசிக்கொண்டிருந்தன. எட்டு வருடம் கழித்து!

இந்த வைத்தியத்தின் அடிப்படையே அதுதான். பாவ்லோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானியின், மணிச் சத்தம் கேட்டுப் பழகிய நாய்க்குச் சாப்பாடு வரமுதலே எச்சில் ஊறும். குடிப்பவனுக்கும் அப்படித்தான், இடம், நேரம், மணம், கூட்டாளியின் குரல் எல்லாம் மணி. மணியடித்தும் சாப்பாடு வராமல் பலமுறை இருந்தால் எச்சில் மெல்ல மெல்ல வற்றும். அதனால் கிளினிக்கில் போத்தலைக் காட்டி, குடிக்கவிடாமல், ஆசை ஏறி இறங்கும்வரை இருக்கவைப்பார்கள். ஆனால் 2002இல் கொன்க்லின், டிஃபனி என்ற இருவர் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, இதில் எதிர்பார்த்த பலன் இல்லை என்று எழுதினார்கள். காரணம் விளங்காமல் இல்லை. வைத்தியசாலைக் கதிரையில் அடங்கிய ஆசை தவறணை வாசலில் திரும்பவும் எழும்பிவிடும். மூளை அந்தப் பாடத்தை அந்த அறையோடு சேர்த்தே படித்து வைத்திருக்கும்.

கண்ணாடி உதவுவது இந்த இடத்தில்தான். கதிரையை விட்டு எழும்பாமலே தவறணைக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வரலாம், பக்கத்தில் வைத்தியரும் இருப்பார். பார்சலோனாவில் செய்த திட்டத்தில் உணவகம், பார், பப், வீடு என்று நான்கு இடங்கள். எந்தக் குடிவகை என்பதை நோயாளிக்கு ஏற்றபடி மாற்றலாம். அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பற்றிக் போர்ட்னிக்கின் குழு காட்சிக்கேற்ற மணத்தையும் சேர்த்து ஊதிவிட்டது. அதை வாசித்தபோது என் கருவாடு ஞாபகம் வந்தது, மனுசன் விசயம் தெரிந்தவர்தான் என்று நினைத்தேன். 2015இல் தென்கொரியாவில் 12 பேருக்கு, முதலில் உடம்பில் இருந்து மதுவை இறக்கிவிட்டு, 5 கிழமையில் 10 தடவை கொடுத்தார்கள். ஒன்று அமைதியான காட்சி, ஒன்று சாப்பாட்டுக் கடையில் குடிக்கும் கூட்டம், மூன்றாவது குடித்து வாந்தியெடுப்பவர்களின் சத்தமும் நாற்றமும். முன்னும் பின்னும் எடுத்த மூளைப் படங்களில், ஆசையோடு தொடர்புள்ள பகுதியில் இருந்த மிகையான துடிப்புக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் 12 பேர் என்பது நம்மட ஊர் வான் வண்டி ஒன்றில் ஏற்றக்கூடிய ஆட்கள். அதை வைத்துக் காசைக் கொட்ட வேண்டாம்.

வீட்டில் செய்யலாமா என்றால், வேண்டாம். ஆசையைக் கிளப்பிவிட்டு அது இறங்கும்வரை கூட இருக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால், கண்ணாடியைக் கழற்றின கையோடு அண்ணா கடைக்குப் போவார். நீங்கள் காசு கொடுத்து அவருக்குத் தாகம் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதைவிட முக்கியம், தினமும் குடிப்பவரைத் திடீரென்று மறிக்காதீர்கள். நான் ஒரு வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்காக ஒரேயடியாக விட்டேன். மூன்றாம் நாள் இரவு சுவரெல்லாம் எறும்பு ஊருது என்று விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தேனாம். சுவரில் ஒரு எறும்பும் இல்லை. அம்மாள் வந்திருக்கு என்று சனம் கும்பிட்டது. விடிய வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. "விட்டது பிழையில்லை, விட்ட விதம்தான் பிழை" என்றார் டொக்டர். வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள், நடுக்கத்துக்கு மருந்து தந்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். இதற்கு உயிர் போகிற ஆட்களும் உண்டு. இன்னொன்று, குடித்தால் வாந்தி வரவைக்கிற டைசல்பிராம் குளிசையைத் தேத்தண்ணியில் களவாகக் கலந்து கொடுக்கச் சொல்லி ஆராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அது உள்ளே போனது தெரியாமல் சாராயம் குடித்தால் நெஞ்சைப் பிடித்துவிடும்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. முதலில் பேசிப் பார்க்க 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். அண்ணா வராவிட்டாலும் நீங்கள் தனியாகப் பேசலாம்.

நான் போன கிளினிக்கில் கண்ணாடியெல்லாம் இல்லை. ஒரு கொப்பி தந்தார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, ஆரோடு இருக்கும்போது ஆசை வருகிறது என்று எழுதச் சொன்னார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இங்கே மதுவுக்கு விளம்பரமே தடை, ஆனால் என் மூளைக்கு ஊர் முழுக்க விளம்பரம். மண்டூரில் வயல் பார்த்துவிட்டு வந்து குருமண்வெளியில் பாதையால் (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) இறங்குவது, சாராயக்கடை பூட்டுகிற போயாவுக்கு முதல்நாள் பின்னேரம், சூடடித்த காசு கையில் வருவது. கொஞ்ச மாதம் போன பிறகு மச்சானைக் கூட்டிக்கொண்டு அதே பாதையில் வந்து இறங்கி, கரையில் சும்மா குந்தியிருந்தோம். முதல் நாள் ஆசை அடங்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது, மச்சான் பாவம், மூன்று வெற்றிலை போட்டு முடித்துவிட்டார். பத்தாம் தடவை அவர் முதலாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவமுதலே எழும்பி வந்துவிட்டோம். இதுவும் அந்தக் கண்ணாடி வைத்தியம்தான், என்ன, கண்ணாடி இல்லை.

அண்ணா சம்மதித்தால் ஒரு கொப்பியை இன்றைக்கே கொடுங்கள். என்னுடையதில் முதல் வரி "பாதை, பின்னேரம் ஐந்தரை". கடைசி வரி "கருவாடு", அதைப் போன சித்திரையில்தான் எழுதினேன்.