புகார் வராத கல்லூரி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் பொறியியல் கல்லூரியில் பணியாற்றுகிறேன். பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் எங்கள் உள்ளகப் புகார் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறேன். குழு அமைத்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. ஆண்டறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். அண்ணா பல்கலைக்கழகச் சம்பவத்துக்குப் பிறகு நிர்வாகம் கண்காணிப்புக் கேமராக்களைக் கூட்டியது. மாணவியர் விடுதியின் கதவடைக்கும் நேரத்தை மாலை ஆறரைக்கு மாற்றியது. மாணவரும் மாணவியும் தனியே நின்று பேசினால் பெற்றோரை வரவழைப்பது என்றும் முடிவு செய்தது. பெற்றோருக்கு இதில் திருப்திதான். ஆனால் கல்லூரிகளில் ஐந்தில் ஒரு பெண்ணுக்குப் பாலியல் வன்முறை நேர்கிறது என்று அமெரிக்கக் கணக்கைக் காட்டிப் பேசுகிறவர்கள், எங்களைப் போன்ற கல்லூரிகளையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இது மிகை இல்லையா? இல்லையென்றால் நாங்கள் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்? பொய்ப்புகாரால் ஒரு மாணவனின் எதிர்காலம் கெட்டால் யார் பொறுப்பு? எங்கள் புகார்ப் படிவத்தை இணைத்திருக்கிறேன். என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் கடிதத்தைவிட நீங்கள் இணைத்திருந்த படிவத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், பதிவெண், துறை, ஆண்டு, பெற்றோரின் கைபேசி எண், சம்பவத்தின் விவரம். அடியில் மாணவியின் கையொப்பம். அதற்கு எதிரே ‘துறைத் தலைவர் வழியாக’ என்ற வரியும் அவர் கையெழுத்திட ஒரு கோடும். விடுப்பு விண்ணப்பம் இருந்த அதே மாதிரியில் இதையும் அச்சடித்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்கள். ஆனால் நடந்ததை வீட்டில் சொல்லவே இன்னும் துணிவு வராத பத்தொன்பது வயதுப் பெண், இந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தோடு பேனாவை மூடிவைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். புகார் அந்தத் துறைத் தலைவரைப் பற்றியதாகவே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டதால் அமெரிக்கக் கணக்குக்கு வருகிறேன். ‘ஐந்தில் ஒருவர்’ என்பது பெரும்பாலும் 2007இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து எடுக்கப்படுவது. இரண்டே இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 5,500 இளநிலை மாணவியரிடம் கேட்டு எழுதியது அது. நாடு முழுவதற்கும் அதைப் பொருத்தக் கூடாது என்று அதைச் செய்தவர்களே பிறகு எழுதினார்கள். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் 2019இல் 33 பல்கலைக்கழகங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 1,80,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் விடையளித்தபோது, இளநிலை மாணவியரில் 25.9 விழுக்காட்டினர் கல்லூரியில் சேர்ந்த பிறகு வலுக்கட்டாயத்தாலோ, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருந்தபோதோ தமக்குப் பாலியல் அத்துமீறல் நேர்ந்ததாகச் சொன்னார்கள். விரும்பாத தொடுதலும் இதில் அடக்கம். கேட்கப்பட்டவர்களில் விடையளித்தவர்கள் கால்பங்குக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். குடியும் கொண்டாட்டமுமாக நகரும் அமெரிக்க விடுதி வாழ்க்கையில் எழுந்த இந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து திண்டுக்கல்லிலோ திருநெல்வேலியிலோ வைப்பதற்கு நானும் உடன்பட மாட்டேன்.

அந்த எண்களைவிட அவற்றை எடுத்த முறைதான் நமக்குப் பயன்படும். 1987இல் மேரி காஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 32 கல்வி நிறுவனங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டபோது, ‘வன்புணர்வு’ என்ற சொல்லை நம்பியிராமல், நடந்த செயல்களை ஒவ்வொன்றாக விவரித்து இப்படி நடந்ததுண்டா என்று கேட்டார்கள். சட்டப்படி வன்புணர்வு என்றே கொள்ளத்தக்க அனுபவம் நேர்ந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். மற்றவர்கள் தவறான புரிதல் என்றோ, தம்முடைய கவனக்குறைவு என்றோ நினைத்திருந்தார்கள். தனக்கே பெயர் சொல்லத் தெரியாத ஒன்றை எந்தப் பெண்ணும் படிவத்தில் எழுதித் தரப் போவதில்லை.

உங்கள் ஆண்டறிக்கையின் ‘இல்லை’க்கு அங்கேயும் ஓர் இணை உண்டு. பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் 1986இல் ஜீன் கிளெரி என்ற மாணவி வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, அவருடைய பெற்றோரின் போராட்டத்தால் 1990இல் ஒரு சட்டம் வந்தது. கல்லூரிகள் தம் வளாகக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தின்கீழ் 2016ஆம் ஆண்டுக்குக் கணக்குக் கொடுத்த வளாகங்களில் 89 விழுக்காடு, வன்புணர்வுப் புகார் பூஜ்யம் என்று எழுதியிருந்தன. பெயர் கேட்காமல் மாணவியரிடமே கேட்டால் ஒரு நாடு, கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் வேறொரு நாடு. நம்மூரில் கையில் இருப்பவை காவல்துறைப் பதிவுகளும் உங்களைப் போன்றோர் அனுப்பும் ஆண்டறிக்கைகளும்தான். இரண்டுமே ஒருத்தி வாய் திறந்த பிறகு தொடங்குபவை. புகார் வரவில்லை என்பதிலிருந்து உங்களுக்குத் தெரியவருவது புகார் வரவில்லை என்பது மட்டுமே.

இனி, உங்கள் நிர்வாகத்தின் புதிய விதிகள். அண்ணா பல்கலைக்கழகச் சம்பவத்தைக் காரணம் காட்டித்தான் அவை வந்தன என்பதால், அங்கே நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 2024 டிசம்பர் 23 அன்று இரவு, கிண்டி வளாகத்துக்குள் ஒரு மாணவி தம் நண்பரோடு இருந்தார். வெளியிலிருந்து உள்ளே வந்த ஒருவன் அவர்களைக் கைபேசியில் படமெடுத்தான். நிர்வாகத்திடம் காட்டிவிடுவேன், வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டி, நண்பரை அங்கிருந்து விரட்டிவிட்டு, அந்தப் பெண்ணை வன்முறைக்கு உள்ளாக்கினான். 2025 மே மாதத்தில் சென்னை மகளிர் நீதிமன்றம் 11 பிரிவுகளிலும் அவனைக் குற்றவாளி என்று கண்டு, ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சலுகையின்றிச் சிறையிலிருக்கும்படி ஆயுள் தண்டனை விதித்தது. யாரும் பயப்படாமல் இருந்திருந்தால் அந்தக் காணொளியில் என்ன இருந்தது? இரண்டு பேர் தனியே சேர்ந்திருந்தது. அதை ஆயுதமாக்கியது, இதை நிர்வாகம் பார்த்தால் என்ன ஆகும், அப்பா பார்த்தால் என்ன ஆகும் என்ற அச்சம். இப்போது உங்கள் கல்லூரியில், தனியே நின்று பேசினால் பெற்றோரை வரவழைப்போம் என்று அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறீர்கள். அவன் வாயால் சொன்ன மிரட்டலுக்கு நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறீர்கள். ஆய்வகத்தில் நேரமாகி ஆறே முக்காலுக்கு விடுதி வாசலில் வந்து நிற்கும் பெண்ணை வழியில் ஒருவன் தொந்தரவு செய்தால், அவள் வார்டனிடம் முதலில் விளக்க வேண்டியது அவனைப் பற்றியா, தன் தாமதத்தைப் பற்றியா?

அண்ணா பல்கலைக்கழக மாணவி மறுநாளே புகார் கொடுத்தார். அதற்குக் கிடைத்த கைம்மாறு, அவருடைய அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை பொதுவெளியில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிக்கையின் மொழியே பாதிக்கப்பட்டவரைக் குற்றஞ்சாட்டும் விதமாக இருப்பதைக் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. விசாரணையை மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. இதையெல்லாம் தமிழ்நாட்டில் கல்லூரி விடுதியிலிருந்த ஒவ்வொரு பெண்ணும் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தாள். புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் உங்கள் குழுவின் சுவரொட்டியிலிருந்து கற்றுக்கொள்வதில்லை.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடுகள் விதிக்கக் கூடாது, வளாகப் பாதுகாப்பு என்பது பெண்களின் நடமாட்டத்தைச் சுருக்கும் கண்காணிப்பாக மாறக் கூடாது என்பது என் சொந்தக் கருத்து என்று எண்ணிவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு மானியக் குழு அமைத்த பணிக்குழு, 2013இல் கொடுத்த ‘சக்ஷம்’ அறிக்கையிலும் இது உண்டு. அதே ஒழுங்குமுறைகள், துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பொறுப்பிலுள்ளவர்கள் புகார் குழுவில் இருக்கக் கூடாது என்கின்றன. விசாரணை மாணவர் தொடர்பானதாக இருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூவர் இருக்க வேண்டும் என்கின்றன. வெளியிலிருந்து ஒருவரும் வேண்டும். உங்கள் படிவத்தின் பின்பக்கப் பட்டியலில் துறைத் தலைவர்கள் இருவர் இருக்கிறார்கள், மாணவர் ஒருவரும் இல்லை. வெளி உறுப்பினராகக் காட்டப்பட்டவரின் பெயருக்குக் கீழே கல்லூரியின் தொலைபேசி எண்ணே இருக்கிறது.

மதில்சுவரை உயர்த்துவதால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. விளக்கில்லாத பாதையில் விளக்குப் போடுங்கள், அதற்கு யாரும் ஆய்வு காட்ட வேண்டியதில்லை. ஆனால் கிண்டியில் நடந்தது வெளியாள் செய்த குற்றம் என்பதால் நம் கவனம் முழுவதும் வாசல் பக்கம் போய்விட்டது. பாலியல் வன்முறையில் பெரும்பங்கு, பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களால் நேர்வது. கல்லூரி என்றால் அது உடன் படிப்பவன், சீனியர், ஆய்வு வழிகாட்டி, செய்முறைத் தேர்வுக்கு மார்க் போடுகிறவர். 2018இல் அருப்புக்கோட்டையில் வெளிவந்த ஒலிப்பதிவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாணவியரைத் தவறான வழிக்கு அழைத்த அந்தப் பேராசிரியை காட்டிய ஆசைகளில் மதிப்பெண்ணும் இருந்தது. அந்த மாணவியர் பேச்சைப் பதிவு செய்து வைத்ததால்தான் வழக்கு நின்று, 2024இல் அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. ஒடிசாவின் பாலசோரில் 2025 ஜூலையில், துறைத் தலைவர்மீது எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்த ஒரு மாணவி, நடவடிக்கை இல்லை என்று கல்லூரி வளாகத்திலேயே தீக்குளித்து, இரண்டு நாளில் உயிரிழந்தார். அங்கே குழு இருந்தது, புகாரும் வந்திருந்தது. எந்தக் கேமராவும் எந்தக் கதவடைப்பு நேரமும் இந்த இரண்டு இடங்களிலும் எதையும் தடுத்திருக்காது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அரங்கில் முதலாமாண்டு மாணவர்களை உட்காரவைத்து, ஒரு வழக்கறிஞரோ காவல் ஆய்வாளரோ பேசி, சால்வை போட்டு அனுப்பும் விழிப்புணர்வுக் கூட்டத்தை நம்பாதீர்கள். தடுப்பு முயற்சிகள் பற்றிய 140 மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஒரே அமர்வில் முடியும் இத்தகைய நிகழ்ச்சிகள் நடத்தையை மாற்றியதற்குச் சான்றில்லை என்று கண்டது. மாறாக, கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு மாணவியர் ஏறத்தாழ 900 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று மணி நேர அமர்வுகள் நான்கு நடத்தினார்கள். தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி இனங்காண்பது, மனத்தில் எழும் தயக்கத்தை எப்படிக் கடப்பது, வாயாலும் உடலாலும் எப்படி எதிர்ப்பது என்பவை பாடங்கள். அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் அந்தப் பிரிவில் 5.2 விழுக்காடு, வெறும் துண்டறிக்கை மட்டும் பெற்ற மறுபிரிவில் 9.8. குற்றம் செய்கிறவன் சும்மா இருக்க, தற்காத்துக்கொள்ளும் வேலையும் பெண்ணுக்கே வந்து சேர்கிறதே என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆனாலும் பாதியளவு குறைந்த ஒன்றைக் கொள்கைக்காக ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. கூடவே, நடந்ததை அந்தப் பெண் முதலில் சொல்லப் போவது உங்கள் குழுவிடம் அன்று, அறைத்தோழியிடம். அதற்கடுத்து, அவள் நம்பும் ஓர் ஆசிரியையிடம். ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்று கேட்காமல் இருக்க அந்த இருவருக்கும் பயிற்சி கொடுங்கள்.

பொய்ப்புகார் பற்றிய உங்கள் கவலையைத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்தாண்டுகளில் பதிவான 136 பாலியல் வன்முறைப் புகார்களை ஆராய்ந்தபோது, பொய் என்று நிலைநாட்டப்பட்டவை எட்டு. எண்ணிக்கை சிறிதென்றாலும் அந்த எட்டில் மாட்டியவர்களுக்கு அது சிறிதல்ல. அதற்கான காப்பு, புகாரைத் தடுப்பதில் இல்லை, விசாரணையை ஒழுங்காக நடத்துவதில் இருக்கிறது. கோவா பல்கலைக்கழகத் துறைத் தலைவர் ஒருவர்மீதான வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், குழு அவசரகதியில் நடத்திய விசாரணையில் அவருக்கு உரிய வாய்ப்பு தரப்படவில்லை என்று சொல்லிப் பணிநீக்கத் தண்டனையை ரத்து செய்தது. நாடெங்கும் இந்தக் குழுக்கள் ஒழுங்காக அமைக்கப்படாததையும் அதே தீர்ப்பில் கடிந்துகொண்டது. அவர்மீது பெண்கள் கொடுத்திருந்த புகார்களும் இத்தனை ஆண்டுக்குப் பிறகு தொடங்கிய இடத்துக்கே போயின. நிரூபிக்க முடியாமல் போன புகார் எல்லாம் பொய்ப்புகார் ஆகாது என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருப்பதையும் உங்கள் நிர்வாகத்துக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதல் வேலையாகப் படிவத்திலிருந்து துறைத் தலைவரின் கோட்டையும் பெற்றோர் எண்ணையும் எடுத்துவிட்டு, தமிழிலும் ஒன்று அச்சடியுங்கள். படிவமே இல்லாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும், எழுத முடியாமல் வாயால் சொன்னாலும் நீங்கள் எழுதிக்கொள்ளத் தயாராக இருங்கள். புகார் வந்துவிட்டால், விசாரணை முடிய 90 நாள் ஆகலாம். அதுவரை அந்தப் பெண் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். புகாருக்கு உள்ளானவர் ஆசிரியர் என்றால், அவர் அவளுடைய தேர்வுத்தாளைத் திருத்தவோ மதிப்பிடவோ கூடாது என்று இடைக்காலமாக உத்தரவிட ஒழுங்குமுறைகளில் இடமிருக்கிறது. அந்த உத்தரவைச் செய்முறைத் தேர்வு அட்டவணை ஒட்டப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இன்டர்னல் மார்க் பதிவேற்றப்பட்ட பிறகு வாங்கிப் பயனில்லை.