நாலு கடை தள்ளி காபி செயின் வருகிறது, விலையைக் குறைக்கவா?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வி.ஐ.டி. பல்கலைக்கழகம் போகும் ரோட்டில் பதினொரு வருடமாக ஃபில்டர் காபிக் கடை, கப் 20 ரூபாய், நாளைக்கு இருநூறு கப் போகிறது. நாலு கடை தள்ளி ஒரு பெரிய காபி செயின் வரப்போகிறதாம். விலையைக் குறைப்பதா, கடன் வாங்கி ஏ.சி. போடுவதா, இல்லை எங்காவது புகார் கொடுக்க வழி உண்டா? அப்புறம், ஏற்காட்டில் மச்சானுக்கு இரண்டு ஏக்கர் காபி இருக்கிறது, அந்தக் கம்பெனிக்கே கொட்டையைக் கொடுக்க முடியுமா?

புகார் வேலைக்காகாது. 2002ஆம் வருடத்துப் போட்டிச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் சந்தையையே கையில் வைத்திருக்கும் நிறுவனம் அடக்க விலைக்கும் கீழே விற்று மற்றவர்களை விரட்டினால்தான் அது உதவும். இவர்கள் ஒரு கப்பை முந்நூறு ரூபாய்க்கு விற்கப்போகிறார்கள், அதாவது உங்களைவிடப் பதினைந்து மடங்கு. இதில் நீங்கள் விலையைக் குறைத்து யாரைத் தோற்கடிக்கப் போகிறீர்கள்? ஏ.சி.யும் வேண்டாம். வேலூர் வெயிலில் அந்தக் கடை விற்கும் சரக்கே குளிர்ந்த நாற்காலிதான், காபி அதற்கு டிக்கெட் மாதிரி. இரண்டு மணி நேரம் லேப்டாப்போடு உட்கார வேண்டிய மாணவர்கள் அங்கே போவார்கள், போகட்டும். காலை ஐந்து மணிக்கு ரயில் பிடிக்கப் போகிறவரும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரரும் ராத்திரி ஷிஃப்ட் முடித்த செக்யூரிட்டியும் அங்கே போகப்போவதில்லை, அந்த நேரத்தில் அந்தக் கடையே திறந்திருக்காது.

நான் பயப்படுவது வாடகைக்கு. இந்த மாதிரிக் கடை ஒன்று வந்ததும் அந்த வரிசையில் இருக்கும் கட்டட முதலாளிகள் எல்லோரும் "அவன் சதுர அடிக்கு இவ்வளவு தருகிறானே" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கும் ஜூஸ் கடைக்காரருக்கும் இதே கதைதான். உங்களிடம் இருப்பது பதினொரு மாத அக்ரிமெண்டா, வாய்ப்பேச்சா என்று எழுதவில்லை. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் அமலில் இருக்கும் வாடகைச் சட்டப்படி கடை வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மாறாக நடுவில் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதனால் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குப் போடுங்கள், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் போட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிய வேண்டும், கொஞ்சம் செலவுதான், பல்லைக் கடித்துக்கொண்டு செய்யுங்கள். முதலாளி முரண்டு பிடித்தால் ஒன்று சொல்லலாம். 1996இல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் ஆரம்பித்த கஃபே காபி டே ஒரு காலத்தில் நாடு முழுக்க 1,700 கடைகள் வரை வைத்திருந்தது, இப்போது ஐந்நூறுகூட இல்லை. பெரிய பெயர் என்றால் வாடகை காலத்துக்கும் வந்துகொண்டே இருக்கும் என்று அர்த்தமில்லை.

அடுத்தது கொட்டை விலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மச்சான் விஷயமும் இதில்தான் இருக்கிறது. பச்சைக் கொட்டை, அதாவது வறுக்காத கொட்டை, கிலோ 500 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வறுத்தால் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். உங்கள் கப்புக்குப் பத்து கிராம் பொடி, அதில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி என்றால் பச்சைக் கொட்டையாக ஒன்பதரை கிராம் சொச்சம், விலை 4 ரூபாய் 80 காசு. செயினில் ஒரு கப்புக்குப் பதினெட்டு கிராம் போடுவார்கள், பச்சையாகக் கிட்டத்தட்ட 22 கிராம், 11 ரூபாய். அதாவது உங்கள் இருபது ரூபாயில் ஏறக்குறைய கால் பங்கு கொட்டைக்குப் போகிறது, அவர்கள் முந்நூறில் நூற்றுக்கு நாலுகூடப் போகவில்லை (இரண்டு கணக்கிலும் நடுவில் வியாபாரியும் தோல் நீக்கும் மில்லும் எடுத்துக்கொள்வது போகத்தான் தோட்டக்காரர் கைக்கு வரும்).

இதன் மறுபக்கம்தான் உங்களை அடிக்கும். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து 2024இலும் 2025 தொடக்கத்திலும் உலக விலை இதுவரை காணாத உயரத்துக்குப் போனது ஞாபகம் இருக்கும். உங்கள் கப்பில் பொடிக்கு (கொட்டை, சிக்கரி, வறுத்து அரைக்கும் செலவு எல்லாம் சேர்த்து) ஆறரை, பாலுக்கு ஆறு, சர்க்கரைக்கு அரை ரூபாய் போக மிச்சம் ஏழு ரூபாய். வாடகை, கேஸ், ஆள் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். கொட்டை விலை இரட்டிப்பானால் அந்த ஏழு ரூபாய் இரண்டு ரூபாய் சொச்சமாகக் குறைந்துவிடும். அவர்களுக்கு முந்நூறில் பதினொரு ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். இந்த அடியைத் தாங்கும் சக்தியில்தான் அவர்கள் பெரிய கடை.

சரி, மச்சானிடம் வருவோம். அந்தக் கம்பெனி அவரிடம் வாங்காது, அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அளவு ஒத்துவராது. ஏக்கருக்கு இருநூறு கிலோ அரபிகா ரகக் கொட்டை என்றால் அவரிடம் மொத்தமே நானூறு கிலோ, காபி வியாபாரத்தில் ஒரு கண்டெய்னர் என்பதே 19 டன். பெரிய செயின்களுக்குக் கொட்டை தருவதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஸ்டார்பக்ஸ் 2012இல் டாடாவோடு கூட்டாகத்தான் இந்தியாவுக்குள் வந்தது, கஃபே காபி டேக்குச் சிக்மகளூரில் சொந்தத் தோட்டம்.

ஆனால் உங்கள் கடையை யோசித்துப் பாருங்கள். இருநூறு கப், கப்புக்கு ஒன்பதரை கிராம், நாளைக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, வருடத்துக்கு எழுநூறு கிலோ. மச்சான் தோட்டம் முழுவதையும் உங்கள் ஒரு கடையே குடித்துத் தீர்த்துவிடும், பத்தாமலும் போகும்! 1990களில் சட்டம் தளர்த்தப்படுவதற்கு முன்னால் இது நடந்திருக்காது, விளைந்ததை மத்திய அரசின் காபி போர்டிடம்தான் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. இப்போது அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

வியாபாரி தருவதைவிடக் கிலோவுக்கு இருபது முப்பது கூடக் கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை முடிந்ததும் மொத்தமாக வாங்கினால் இரண்டு லட்சம் முடங்கும், அது வேண்டாம், மூன்று தவணையாகப் பேசுங்கள், விலையை மட்டும் முதலிலேயே முடித்துவிடுங்கள். மாப்பிள்ளை மச்சான் கணக்கு என்று வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கொட்டையைப் பார்ச்மெண்டாகவே, அதாவது உள்தோலோடு, தரையில் படாமல் பலகை மேல் மூட்டையாக வைத்தால் வாசனை போகாமல் நிற்கும், தேவைப்படும்போது தோல் நீக்கிக்கொள்ளலாம். வறுப்பதற்கு மெஷின் வாங்கிவிடாதீர்கள், காபிப் பொடிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கூலிக்கு வறுத்து அரைத்துத் தருகிறவர் கிடைப்பார். பழுத்த பழத்தை மட்டும் பறிக்க மச்சான் ஒத்துக்கொள்கிறாரா என்பது முக்கியம், பச்சைக்காய் கலந்தால் டிகாஷன் கடுக்கும், காலையில் வருகிற பழைய வாடிக்கையாளர் அடுத்த நாளே முகம் சுளிப்பார்.

கடை போர்டில் "ஏற்காடு காபி, சிக்கரி 20 சதவீதம்" என்று எழுதுங்கள். பொடியைப் பாக்கெட்டாகவும் விற்பதாக இருந்தால் சிக்கரி அளவை அச்சடிப்பது கட்டாயம், 49 சதவீதத்துக்கு மேல் சேர்க்கவும் கூடாது. இதெல்லாம் அடுத்த அறுவடைக்குள் செய்தால் போதும். கட்டட முதலாளியை மட்டும் அந்தக் கடைக்கு போர்டு மாட்டுவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிடுங்கள்.