ஜப்பான் கார்ல ஒட்டி வந்த ரேடார் டிடெக்டர்: வயர் தொங்காம மாட்டுறது எப்படி?

பெகுவுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ஜப்பான்ல ஓடின ஹோண்டா ஃபிட் ஒண்ணு வாங்கியிருக்காராம், டேஷ்போர்டு நடுவுல ரேடார் டிடெக்டர் ஒட்டியிருக்கு, அதோட வயர் கியர் மேல தொங்கிட்டு சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகுது, சாவி போட்டதும் ஜப்பான் பாஷையில ஏதோ பேசுது. மண்டலே எக்ஸ்பிரஸ்வேல அடிக்கடி போறவர். போலீஸ் ஸ்பீடு பிடிக்கிறதை இது முன்னாடியே சொல்லுமா, வயர் வெளிய தெரியாம நீட்டா மாட்ட முடியுமான்னு ரெண்டு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில், சொல்லாது தம்பி. அந்தப் பெட்டி ஜப்பான் ரோட்டுக்குன்னே செஞ்சது. அதோட வேலையில முக்கால்வாசி ஜிபிஎஸ்தான், அந்த நாட்டுல எந்த ரோட்டுல எங்க கேமரா நிக்குதுன்னு உள்ள பதிஞ்சு வச்சிருக்கு, கிட்ட போனா குரல் கொடுக்கும். நம்ம பர்மா இடம் ஒண்ணுகூட அதுல கிடையாது. மிச்சம் இருக்கிறது ரேடார் அலையைப் பிடிக்கிற வேலை, அதுவும் ஜப்பான்ல புழங்குற 10.5 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் பேண்ட், 24 கிகாஹெர்ட்ஸ் கே பேண்டுக்குத்தான். 33ல இருந்து 36 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கிற கா பேண்ட்ல வேலை செய்யுற போலீஸ் ஸ்பீடு கன் எதிர்ல நின்னா இதுக்குக் காதே கேக்காது. லேசர் கன்னா இன்னும் மோசம், அந்தக் கதிர் ரொம்ப மெல்லிசு, நம்ம கார் மேல பட்ட அந்த நொடியிலயே ஸ்பீடு அங்க பதிவாயிடும், அதுக்கப்புறம் பெட்டி கத்தி என்ன பிரயோஜனம்? ஆனா கத்தவேண்டாத இடத்துல நல்லா கத்தும். ஷாப்பிங் சென்டர் ஆட்டோமேட்டிக் கதவுல இருக்கிற சென்சார், பக்கத்துல போற சில கார்ல பக்கவாட்டு வண்டியைக் கண்டுபிடிக்கிற பிளைண்ட் ஸ்பாட் ரேடார் எல்லாம் அதே 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான், ரங்கூன் டவுனுக்குள்ள ஒரு ரவுண்டு போனாலே தெரிஞ்சிடும்.

அதனால இதை நம்பி வேகம் கூட்டாதீங்க. எக்ஸ்பிரஸ்வேல காருக்கு 100 கிலோமீட்டர்தான், காங்கிரீட் ரோடு, சித்திரை வெயில்ல டயர் எவ்வளவு சூடாகும்னு 115 மைல்ல சாப்பிட இறங்கும்போது கையைக் கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க, டயர் வெடிச்சுப் போன உயிர் அந்த ரோட்டுல கொஞ்சமில்ல. காத்து சரியா இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாக்கிறது எந்த டிடெக்டரை விடவும் பெரிய பாதுகாப்பு.

தூக்கிப் போடணும்னும் சொல்லல. ஸ்க்ரீன் உள்ள மாடலா இருந்தா ஜிபிஎஸ் ஸ்பீடும் பேட்டரி வோல்டேஜும் காட்டும், ரெண்டுமே இங்கயும் சரியாத்தான் வேலை செய்யும், வண்டியோட மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்கிறதால ஜிபிஎஸ் ஸ்பீடு உபயோகம்தான். கடிகாரம் மட்டும் ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும், ஜப்பான் நேரம் அது. ஆனா என்னைக் கேட்டா இதைக் கழட்டிட்டு ரோட்டைப் பதிவு பண்ற டேஷ்கேம் ஒண்ணு மாட்டுங்க, ஆக்ஸிடெண்ட் ஆகி யார் மேல தப்புன்னு பேச்சு வரும்போது கையில ஆதாரம் இருக்கும். எதை மாட்டினாலும் கீழ சொல்ற வேலை ஒண்ணுதான். அப்புறம் சாவி போட்டதும் வர்ற அந்த ஜப்பான் பேச்சு, அது டிடெக்டர்ல இருந்துதான் வருதான்னு முதல்ல பாருங்க, நிறைய கார்ல அது ஈடிசி பெட்டி, ஜப்பான் டோல்கேட் கார்டு போடச் சொல்லி ஒவ்வொரு தடவையும் கேக்கும். டேஷ்போர்டு கீழயோ க்ளவ் பாக்ஸ் உள்ளயோ சின்னதா இருக்கும், சாவியை எடுத்துட்டு அதோட பிளக்கைக் கழட்டினா சத்தம் நின்னுடும்.

இனி எங்க மாட்டுறதுன்னு பாப்போம், நம்ம ஊர்ல இதுதான் முக்கியமான விஷயம், ஜப்பான் மேனுவலைப் பாத்தோ யூடியூப் பாத்தோ இதைச் செய்யக்கூடாது. 1970ல நம்ம நாட்டை வலது பக்கம் ஓட்டச் சொல்லி மாத்தினாங்க, ஆனா காரெல்லாம் ஜப்பான்ல இருந்து ஸ்டீயரிங் வலது பக்கமாவேதான் வந்து நிறைஞ்சது, அதனால டிரைவர் ரோட்டு ஓரத்துப் பக்கம் உக்காந்திருக்கார், எதிர்ல வர்ற வண்டி எல்லாம் இடது பக்கம். முன்னாடி லாரி போகுது, ஓவர்டேக் பண்ணணும்னா இடது பாதிக் கண்ணாடி வழியா எட்டித்தான் எதிர் லைனைப் பாக்கணும், பக்கத்து சீட்ல இருக்கிறவங்ககிட்ட வண்டி வருதான்னு கேக்கிறதும் இதனாலதானே. ஜப்பான்ல அந்த இடது பக்கம் வெறும் ரோட்டோரம், அங்க பெட்டி நின்னா பெரிசாத் தெரியாது, நமக்கு அது ஒரு மோட்டார் சைக்கிளையே மறைச்சிடும். உங்க டிடெக்டர் நடுவுல நிக்குதுன்னா அது நிக்கக்கூடாத இடத்துலயேதான் நிக்குது.

டேஷ்கேம்னா உள் கண்ணாடிக்குப் பின்னாடி ஒளிச்சு வைங்க, அந்த இடத்தை மிரர் ஏற்கெனவே மறைச்சிட்டுதான் இருக்கு. சீட்ல உக்காந்து பாத்தா கேமரா மிரருக்கு வெளிய எட்டிப் பாக்கக் கூடாது, வைப்பர் துடைக்கிற இடத்துக்குள்ளயும் இருக்கணும், இல்லன்னா மழைக்காலத்துல ஒண்ணுமே பதியாது. டிடெக்டர்தான் வேணும்னா டேஷ்போர்டு வலது கோடியில, கண்ணாடியோட கீழ் விளிம்பைத் தாண்டாத மாதிரி தாழ்வா ஒட்டுங்க, ஓரத்துல வர்ற சைக்கா (சைக்கிள் ரிக்ஷா) மறையக்கூடாது. பக்கத்து சீட்டுக்கு நேரா டேஷ்போர்டு மேல ஏர்பேக் மூடி இருக்கும், அது மேல எதையும் ஒட்டாதீங்க, வெடிச்சா அந்தப் பெட்டி நேரா முகத்துக்குத்தான் வரும். முன் கண்ணாடியில உலோகம் கலந்த கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தா ஜிபிஎஸ் தடுமாறும், அதையும் பாத்துக்கங்க.

கரண்டு எடுக்கிறது அடுத்தது. சாக்கெட்டை விட்டுட்டு ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து எடுத்தாதான் வயர் மறையும். மூடியில இருக்கிற எழுத்து ஜப்பான் எழுத்து, படிக்கணும்னு அவசியமில்ல, ஒரு மல்டிமீட்டரோ டெஸ்ட் லைட்டோ போதும். சாவியை ஏசிசில (எஞ்சின் ஓடாம ரேடியோ மட்டும் பாடுற நிலை) வச்சா 12 வோல்ட் வரணும், எடுத்தா செத்துப்போகணும், அப்படி ஒரு ஃபியூஸைத் தேடுங்க, பெரும்பாலும் சிகரெட் லைட்டர் ஃபியூஸே அப்படித்தான் இருக்கும். ஏர்பேக், பிரேக், எஞ்சின் சம்பந்தப்பட்ட ஃபியூஸைத் தொடவே தொடாதீங்க, எது என்னன்னு சந்தேகம் வந்தாலும் விட்டுடுங்க. வயரை உரிச்சு ஃபியூஸ் கால்ல சுத்திச் சொருகுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, அது சூடாகித் தீப்பிடிக்கிற வேலை. ஃபியூஸ் டேப்னு ஒண்ணு கடையில கிடைக்கும், ரெண்டு ஃபியூஸ் போடுற மாதிரி இருக்கும், பழைய ஃபியூஸ் அதே ஆம்பியர்ல ஒண்ணு, உங்க புது வயருக்கு 2 இல்லன்னா 3 ஆம்பியர்ல ஒண்ணு. அதை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகணும்னுதான் எல்லாரும் குழம்புறாங்க. சொருகிட்டு பழைய ஃபியூஸை மட்டும் பிடுங்கிப் பாருங்க, புது வயர்ல இன்னும் கரண்டு இருந்தா சரியா இருக்கு, செத்துப்போனா தலைகீழ், கழட்டித் திருப்பிப் போடுங்க. தலைகீழா இருந்தாலும் வேலை செய்யும், ஆனா ரெண்டு லோடும் பழைய ஃபியூஸ் வழியாவே போகும், அது கூடாது. நெகட்டிவ் வயரைப் பெயிண்ட் இல்லாத, பாடியில இறுகியிருக்கிற போல்ட்ல கட்டுங்க. டேஷ்கேம்னா நடுவுல 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்குற அடாப்டர் வரும், மட்டமானதை வாங்கினா ரேடியோவுல இரைச்சல் வரும், சிட்டி எஃப்எம் 89 போட்டுக்கிட்டு கேமராவை ஆன் பண்ணிப் பாருங்க, கரகரன்னு வந்தா அடாப்டரை மாத்துங்க.

வயர் போற வழி: மேல சீலிங் துணியோட ஓரத்துல விரலாலயே தள்ளி உள்ள விடலாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், துணி கிழிஞ்சிடும். அங்க இருந்து பில்லர், அதாவது முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கிற தூண். ஃபிட்ல கிரேடைப் பொறுத்து கர்ட்டன் ஏர்பேக் இருக்கும், பில்லர் பிளாஸ்டிக் மேல எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு பொறிச்சிருந்தா அந்த மூடிக்குள்ள பை மடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி குறுக்கா வயர் போனா பை விரியும்போது வயரும் பெட்டியும் சேந்து பறக்கும், அதனால அந்த மூடியைக் கழட்டாம, கதவோட ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்து அதுக்கடியில வயரை இறக்கிட்டு பீடிங்கைத் திரும்ப அமுக்கிடுங்க. கீழ வந்ததும் டேஷ்போர்டு பக்கவாட்டு மூடி வழியா ஃபியூஸ் பாக்ஸுக்குப் போயிடலாம். மிச்ச வயரைச் சுருட்டி துணி டேப் சுத்தி ஏற்கெனவே இருக்கிற வயர் கட்டோட கேபிள் டையால இறுக்கிடுங்க, பிளாஸ்டிக் டேப் இந்த வெயில்ல பிசுபிசுன்னு உருகி ஒழுகும். சும்மா விட்டா எக்ஸ்பிரஸ்வே காங்கிரீட் ஜாயிண்ட் ஒவ்வொண்ணுக்கும் டக்கு டக்குன்னு மண்டலே வரைக்கும் அடிக்கும். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் பெடல் பக்கம் எதுவும் தொங்கக்கூடாது, ஜாயிண்ட் எதுவும் தரையில கிடக்கக்கூடாது, ஆடி ஆவணியில ரோட்டுத் தண்ணி காருக்குள்ள வர்ற ஊர் நம்ம ஊர்.

ஒட்டுறதுக்கு சக்ஷன் கப் வேண்டாம், தண்ணித் திருவிழா வெயில்ல கழண்டு விழும். 3எம் விஎச்பி மாதிரி நல்ல டபுள் சைட் டேப் போதும், ஒட்டுற இடத்தை ஸ்பிரிட்டால துடைச்சு, டேஷ்போர்டு பாலிஷ் எண்ணெய் இருந்தா ரெண்டு மூணு தடவை துடைச்சு, காஞ்சதும் அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுட்டு அப்புறமா கேமராவை மாட்டுங்க.

கடைசியா ஒண்ணு, எலக்ட்ரிஷியன்கிட்ட கொடுத்தாலும் இதைச் சொல்லிடுங்க: பேட்டரி டெர்மினலைக் கழட்டாதீங்க. ஜப்பான்ல இருந்து வந்த நாவி செட் (வழி காட்டுற, பாட்டு பாடுற ஸ்க்ரீன்) நிறைய மாடல்ல கரண்டு போனதும் லாக் ஆகி கோடு கேக்கும், கோடு ஜப்பான்ல இருந்த பழைய ஓனர்கிட்ட இருக்கும், அப்புறம் பாட்டுகூட கேக்க முடியாது. இந்த வேலைக்குச் சாவியை எடுத்துட்டு ஃபியூஸைப் பிடுங்கினாலே போதும்.