மடிக்கணினியை அரேஞ்சர் கீபோர்டாக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பகலில் தறிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், மாலையில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பல ஆண்டுகளாக வாசித்த அரேஞ்சர் கீபோர்டின் (பிடிக்கும் கார்டுக்கேற்பப் பின்னணி இசையைத் தானே வாசிக்கும் கீபோர்டு) விசைகளில் சில ஒலிப்பதில்லை. நல்ல அரேஞ்சர் புதிதாக வாங்கப் போனால் லட்சத்தைத் தாண்டுகிறது. என்னிடம் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள மடிக்கணினி இருக்கிறது. 61 விசை மிடி கன்ட்ரோலர் (தானாக ஒலிக்காமல், அழுத்திய விசையின் விவரத்தை மட்டும் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு) ஒன்றை மட்டும் வாங்கி, மடிக்கணினியையே அரேஞ்சராக்கி மேடையில் வாசிக்க முடியுமா? எந்த சவுண்டு பேக் (கருவிகளின் ஒலித் தொகுப்பு) வாங்கலாம்?
– கீபோர்டு கலைஞர் ஒருவர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முடியும். ஆனால் நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் சவுண்டு பேக்கை நானும் கடைசிக்கே தள்ளிவைக்கிறேன். மடிக்கணினிக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் கையிலிருக்கும் பணத்தை அதில் போட்டுவிட்டு, அந்த ஒலி வெளியே வரும் வழியை மறந்துவிடுகிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை. விசைகளில் சில மட்டும் ஒலிக்கவில்லை என்றால், விசைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையில் தூசியோ ஈரமோ படிந்திருக்கலாம், அல்லது அதன் கரிப்பூச்சு தேய்ந்திருக்கலாம். பட்டையைத் துடைப்பதற்கும் மாற்றுவதற்கும் ஆகும் செலவு புதுக் கருவியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதைச் செய்து பார்த்த பிறகும் மடிக்கணினி அமைப்பு வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள். அப்போதும் பழைய கீபோர்டை விற்றுவிடாதீர்கள். அதற்கு மேடையில் ஒரு வேலை இருக்கிறது.

அரேஞ்சர் கீபோர்டு என்ற ஒரே பெட்டிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. இடது கை பிடிக்கும் கார்டை (ஒன்றாக அழுத்தும் ஸ்வரக் கூட்டத்தை) அறிந்து பேஸையும் கிட்டாரையும் பேட் எனும் நீண்டொலிக்கும் பின்னணி ஒலியையும் அந்தக் கார்டுக்கு நகர்த்துவது ஒன்று. அந்த ஸ்வரங்களுக்கு ஒலி கொடுப்பது இரண்டாவது. அந்த ஒலியைத் தாமதமின்றி மிக்ஸருக்கு அனுப்புவது மூன்றாவது. மடிக்கணினியில் இம்மூன்றையும் நாமே தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கோக்க வேண்டும். முதல் வேலைக்கு வி-அரேஞ்சர், ஒன் மேன் பேண்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இவை யமஹா கீபோர்டுகளின் ஸ்டைல் கோப்புகளையே, அதாவது தாளமும் பின்னணியும் எழுதிவைத்த கோப்புகளையே, எடுத்து வாசிக்கும். இரண்டாவது வேலையை சவுண்ட்ஃபான்ட் எனும் ஒலிக்கோப்புத் தொகுப்புகளோ, கான்டாக்ட் போன்ற சாம்ப்ளரோ (பதிவுசெய்த கருவி ஒலிகளை வாசிக்கும் மென்பொருள்) செய்யும். அவற்றை கேன்டபிலே போன்ற, ஒலி மென்பொருள்களைத் தாங்கி நடத்தும் ஒரு ஹோஸ்ட் மென்பொருளுக்குள் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே கணினிக்குள் அரேஞ்சரிலிருந்து ஹோஸ்டுக்கு மிடியைக் கொண்டுசெல்ல லூப்மிடி என்ற சிறிய நிரல் கண்ணுக்குத் தெரியாத கம்பியாக நிற்கும்.

பலரும் வழுக்கி விழுவது மூன்றாவது வேலையில்தான். மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து நேரே மிக்ஸருக்குக் கம்பி போட்டால், விசையை அழுத்தியபின் ஒலி வரும் இடைவெளி கைக்குத் தெரிகிற அளவுக்கு நீளும். அதைக் குறைக்கத்தான் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் ஆசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது (டிரைவர் என்பது கருவியையும் கணினியையும் பேசவைக்கும் நிரல்). மாதிரி வீதத்தை (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பதை) 48,000 என வைத்து, பஃபரை (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் மாதிரிகளை) 256 என அமைத்தால் அதனால் வரும் தாமதம் 5.3 மில்லி விநாடி. 128 என்றால் 2.7, 1,024 என்று விட்டுவிட்டால் 21-ஐத் தாண்டும். இவற்றோடு, கணினியின் ஒலியை மிக்ஸருக்குத் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி எடுத்துக்கொள்ளும் நேரமும் சிறிது சேரும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே மொத்தத் தாமதம் 10 என்றால், ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். கை அதற்குப் பழகிவிடும். 25-ஐத் தாண்டினால் விரைவுப் பாடல்களில் நீங்கள் தாளத்தை முந்தி அழுத்தத் தொடங்குவீர்கள், தபேலாக்காரர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

எனவே முதல் செலவு ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் போகட்டும். கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: இதைச் செய்தவர்கள் இதற்கென்றே எழுதிய ஆசியோ டிரைவர் உண்டா? பொது டிரைவரை நம்பி வரும் மலிவுப் பெட்டிகளும் கிடைக்கின்றன. வீட்டில் பாடிப் பதிவுசெய்ய அவை போதும், மேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் 8 ஜிபி ரேமில் ஒன்றிரண்டு ஜிபி அளவுள்ள சவுண்ட்ஃபான்ட் நிம்மதியாக ஓடும். பெரிய சாம்ப்ளர் தொகுப்புகளை ஏற்ற நினைத்தால் 16 ஜிபி ஆக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கைக்கு எட்டும் இடம். ஒரு யமஹா ஸ்டைலில் இன்ட்ரோ (தொடக்கம்) 3, மெயின் (பாட்டின் நடை) 4, ஃபில் (இடையே நிரப்பும் தாளம்) 4, பிரேக் (இடைநிறுத்தம்) 1, எண்டிங் (முடிவு) 3 என 15 பகுதிகள் வரை இருக்கும். இவை எல்லாமே மேடையில் தேவைப்படுவதில்லை. கன்ட்ரோலரில் விரலால் தட்டும் பொத்தான்களான பேட் எட்டு இருந்தால் நான்கை மெயினுக்கும், ஒன்றை பிரேக்குக்கும், ஒன்றை ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கும், ஒன்றை எண்டிங்குக்கும் கொடுத்து, எட்டாவதைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி பேட் எண்டிங்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும்; இருட்டில் விரல் தவறி எண்டிங்கில் விழுந்தால் சரணத்தின் நடுவில் பாட்டு முடிந்துவிடும். ஃபில்லைக் கால் சுவிட்சுக்கு மாற்றிவிடலாம். கச்சேரியின் நடுவே மவுஸைத் தேடும்படி நேர்ந்தால், அமைப்பு இன்னும் முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் ஒரு திருமண வரவேற்பு. பாடல்களுக்கு இடையே வாழ்த்துரை நீண்டுகொண்டே போனதால், இருபது நிமிடம் நான் ஒரு விசையையும் தொடவில்லை. அதற்குள் மடிக்கணினி, மின்சிக்கனம் கருதி யுஎஸ்பி துளையை உறங்கவைத்துவிட்டது. பாடகி பல்லவியை எடுத்தபோது என் முன்னால் இருந்தவை வெறும் பிளாஸ்டிக் கட்டைகள். கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். கணினி அதைப் புதுக் கருவியாக எண்ணிக்கொண்டது. மென்பொருளை மூடித் திறக்க நான்கு நிமிடம் ஆனது. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டிய கச்சேரியில் நான்கு நிமிடம் என்பது ஒரு முழுப் பாட்டு. தவறு என்னுடையதே. பவர் அமைப்பில் யுஎஸ்பி உறக்கத்தையும், திரை மூடினால் தூங்குவதையும், தானாக வரும் அப்டேட்டையும் நிறுத்திவைத்து, வைஃபையை அணைத்துவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும். வைஃபை டிரைவர் நடுநடுவே கணினியின் செயலியை (பிராசஸரை) பிடித்துக்கொள்வதால் ஒலியில் ‘டிக் டிக்’ என்று வெடிப்பு வருவதுண்டு. லேட்டன்ஸிமான் என்ற நிரலைச் சிறிது நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் தொல்லை தருகிறது என்று காட்டிவிடும்.

உங்கள் பழைய கீபோர்டின் வேலை இதுதான்: மிக்ஸரில் தனிச் சேனலில் அது தயாராக இருக்கட்டும். மடிக்கணினி மௌனமானால், கையை நகர்த்தி அதில் ஒரு பியானோ ஒலியையாவது பிடித்துக்கொள்ளலாம்.

இனி ஒலிக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் யமஹா ஸ்டைல்களை அப்படியே ஏற்றினால் கிட்டாரில் தொடர்பில்லாத கீச்சொலிகள் கேட்கலாம். பல ஸ்டைல்கள் மெகாவாய்ஸ் எனப்படும் ஒலிகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் விசையை அழுத்தும் வேகம் குறிப்பிட்ட அளவுக்கு மேலும், சுருதி குறிப்பிட்ட உயரத்துக்கு மேலும் உள்ள ஸ்வரங்கள் தந்தியை உரசும் ஓசைக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். சாதாரண கிட்டார் ஒலிக்கு அவை போய்ச் சேர்ந்தால் அபஸ்வரமாகத்தான் ஒலிக்கும். ஸ்டைலைத் திருத்தி அந்த ஸ்வரங்களை நீக்கிவிட வேண்டும். இன்னொன்று, நம் ஊர்க் கச்சேரியில் அதிகம் கேட்கப்படும் குத்துப் பாடல்களுக்கும் உறுமி, பறை, தவில் நடைகளுக்கும் அயல்நாட்டு ஸ்டைல்களில் பொருத்தமானது கிடைப்பது அரிது. உங்கள் குழுவின் ரிதம் பேட் கலைஞரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, நான்கு ஆவர்த்தம் மிடியாக வாசிக்கச் செய்து, நீங்களே ஸ்டைல் ஆக்கிக்கொள்ளுங்கள். விலைகொடுத்து வாங்கும் எந்தத் தொகுப்பையும்விட அது உதவும். தபேலாவும் டோலக்கும் ரிதம் பேடும் மேடையில் இருக்கும் இரவுகளில் ஸ்டைலின் தாளப் பகுதியை முழுவதும் அணைத்துவிட்டு பேஸையும் பின்னணி பேட் ஒலியையும் மட்டும் விடுவதுதான் முறை என்பது என் கருத்து.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வார இறுதிகளில் தனியாக வாசித்துப் பாடுகிறேன். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்போதெல்லாம் எல்லாம் நின்றுவிடுகிறது. பனிமூட்டக் காலத்தில் சில விசைகள் ஒலிப்பதில்லை. சில, மெதுவாகத் தொட்டாலும் அலறுகின்றன.
– வாசகி ஒருவர், ஏற்காடு

பதில்: முதல் தொல்லைக்கு மடிக்கணினியே பாதி மருந்து, ஏனென்றால் அதன் பேட்டரி ஒரு யுபிஎஸ். கன்ட்ரோலரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் அடாப்டர் இல்லாமல் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுப்பவையாக இருந்தால், மின்சாரம் போகும் சில விநாடிகளில் அவை விழிப்பாகவே இருக்கும். மிக்ஸரை மட்டும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் வையுங்கள். ஆனால் பேட்டரிக்கு மாறியவுடன் மடிக்கணினிகள் செயலியின் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும், அப்போது ஒலி வெடிக்கும். எனவே பவர் அமைப்பில் பேட்டரிக்கும் மின்சாரத்துக்கும் ஒரே உயர்வேகத் திட்டத்தைக் கொடுத்து, வீட்டில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.

விசைகளின் கோளாறு வேறு வகை. வேகத்தை உணரும் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் உள்ள இடைவெளியை அளந்துதான் கருவி நீங்கள் அழுத்தமாக வாசித்தீர்களா, மென்மையாக வாசித்தீர்களா என்று முடிவுசெய்கிறது. ஈரமோ தூசியோ படிந்து அவற்றில் ஒன்று ஒழுங்காகத் தொடாவிட்டால், அந்தக் கணக்கு தவறிப்போய் விசை ஊமையாகும் அல்லது உச்ச ஒலியில் அலறும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் சன்னல் வழியே அறைக்குள் வரும் ஊரில் இது எதிர்பார்க்கத் தக்கதே. இரவு முழுவதும் குளிரில் கிடந்த கருவியை ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான கூடத்துக்குள் கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த சோடா பாட்டிலின் மேல் முத்து முத்தாக நீர் கோப்பதுபோல விசைகளின் உள்ளேயும் கோக்கும். பெட்டி மூடியபடியே அரை மணி நேரம் இருக்கட்டும். சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே போட்டு வைப்பதும் நல்லது. சேலத்துக்கு இறங்கி வாசிக்கப் போகும் நாள்களில், கொண்டை ஊசி வளைவுகள் 20-ஐயும் தாண்டிய குலுக்கலுக்குப் பிறகு யுஎஸ்பி முனைகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கம்பியை ஸ்டாண்டின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியபின் செருகினால், யார் காலாவது இடறினாலும் முனை பிடுங்கிக்கொள்ளாது.

கேள்வி: சார்ஜரைச் செருகினால் ஒலிபெருக்கியில் ‘கொர்ர்’ என்ற இரைச்சல், பிடுங்கினால் நின்றுவிடுகிறது. பிளக்கின் எர்த் முனையை நீக்கிவிடச் சொல்கிறார் ஒரு நண்பர்.
– வாசகர் ஒருவர், ஆத்தூர்

பதில்: நண்பர் சொல்வதைச் செய்யாதீர்கள், மைக்கைத் தொட்டுப் பாடுகிறவரின் உயிருக்கு ஆபத்து. சார்ஜரின் எர்த் ஒரு வழியிலும் மிக்ஸரின் எர்த் மற்றொரு வழியிலும் போய், ஒலிக்கம்பியின் வழியாக இரண்டும் வளையமாக இணைவதால் வரும் இரைச்சல் இது. இன்டர்ஃபேஸுக்கும் மிக்ஸருக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) ஒன்றை வைத்தால் அந்த வளையம் அறுபடும். மடிக்கணினிக்கும் மிக்ஸருக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுப்பதும் பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. செலவில்லாத அதை முதலில் செய்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு கட்டையில், அதாவது ஸி-யில்தான் கை ஓடும். பாடகிக்கு ஐந்தரைக் கட்டை என்றால் கன்ட்ரோலரில் உள்ள டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பொத்தானால் நான்கு படி இறக்கிவிடுகிறேன். அப்போதெல்லாம் ஸ்டைல் தவறான கார்டுக்குப் போகிறது. சில சமயம் ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.
– வாசகர் ஒருவர், ஓமலூர்

பதில்: மாற்றவேண்டிய இடம் மாறிவிட்டது. கன்ட்ரோலரில் டிரான்ஸ்போஸ் செய்தால், அது அனுப்பும் ஸ்வர எண்களே மாறிவிடுகின்றன. இடது கைப் பகுதி எங்கே முடிகிறது என்பதை மென்பொருள் அந்த எண்ணை வைத்துத்தான் அறிகிறது. எனவே நான்கு படி இறக்கியவுடன் அந்த எல்லை உங்கள் கண்முன் நான்கு விசை வலப்புறம் தள்ளிப்போகிறது. வலது கை வாசிக்கும் ராகத்தின் கீழ் ஸ்வரங்கள் கார்டு அறியும் பகுதிக்குள் விழ, பேஸ் எங்கோ போகிறது. விசையை அழுத்தியபடியே பொத்தானைத் தட்டினால், தொடக்கம் ஓர் எண்ணிலும் முடிவு வேறோர் எண்ணிலும் போய், முதல் ஸ்வரம் நிற்காமல் தொங்குவதும் இதனால்தான். கன்ட்ரோலரை எப்போதும் பூச்சியத்தில் விட்டுவிட்டு, அரேஞ்சர் மென்பொருளின் டிரான்ஸ்போஸில் கழித்தல் நான்கு கொடுங்கள். அது கார்டை அறிந்த பிறகே ஸ்வரங்களை இறக்கும், டிரம் சேனலைத் தொடாது. தொங்கும் ஸ்வரத்தை நிறுத்த, மிடி கன்ட்ரோல் எண் 123-ஐ (எல்லா ஸ்வரங்களையும் நிறுத்தும் கட்டளை) ஏதாவது ஒரு காலி பேடுக்குக் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.