நம் கரையின் பயிர்களையும் மீன்களையும் அச்சோவியமாகச் செதுக்க எங்கிருந்து தொடங்கலாம்?

சோழமண்டலக் கரையில் விளையும் பயிர்களையும் அங்கே பிடிபடும் மீன்களையும் அச்சோவியத் தொடராகச் செய்ய விரும்புவதாகவும், எதை முன்மாதிரியாகக் கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளாக லினோலியம் என்னும் மென்மையான தகட்டில் செதுக்கி அச்சிட்டு வருபவன் என்ற முறையில், இந்தக் கரையைப் பற்றியே இருநூறு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த செப்புத்தகட்டு அச்சுகளிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

முதலில் பாட்ரிக் ரஸ்ஸல். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த இவர், விசாகப்பட்டினத்தில் திரட்டிய இருநூறு மீன்களைப் படங்களோடு விவரித்து 1803இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்நூலில் என்னை மிகவும் கவர்ந்தது, மீன்களுக்கு அந்தக் கரையில் வழங்கிய பெயர்களையே அவர் பதிவு செய்திருப்பதுதான். நாம் கானாங்கெளுத்தி என்று சொல்லும் மீனுக்கு அவர் கேட்டு எழுதிய பெயர் ‘கனகுர்தா’. பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1816இல் அந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது இச்சொல்லையே எடுத்துக்கொண்டதால், இன்றும் உலகெங்கும் அது ‘ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா’ என்றே வழங்குகிறது. விசாகப்பட்டினக் கரையில் யாரோ சொன்ன ஒரு சொல் ஓர் அச்சுப் படத்தின் வழியாக நிலைத்துவிட்டதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆகவே உங்கள் அச்சின் அடியில் ஊர்ப்பெயரைத் தயங்காமல் எழுதுங்கள். வெறுமனே ‘மீன்’ என்றோ ‘நெல்’ என்றோ எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, பெர்லினைச் சேர்ந்த மார்க்குஸ் பிளாக் 1782 முதல் 1795 வரை வெளியிட்ட மீன் நூல். தரங்கம்பாடியில் மறைப்பணியாளராக இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் அனுப்பிய மீன்களும் அதில் இடம்பெற்றன. 432 அச்சுப் படங்களைக் கொண்ட அந்நூலின் சிறந்த படிகளில், செதிலின் பளபளப்பைக் காட்ட வண்ணத்தோடு வெள்ளிப் பூச்சையும் கையாலேயே தீட்டியிருக்கிறார்கள்.

பயிர்களுக்கும் மரங்களுக்கும் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோவின் ‘சோழமண்டலக் கரைத் தாவரங்கள்’ தொகுதிகளைப் பாருங்கள். 1795க்கும் 1820க்கும் இடையே வெளிவந்த 300 படங்களில் நம் பனையும் உண்டு. படங்களின் மூலங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். இலை நரம்பை இத்தனை பொறுமையாக வரைந்த அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் நூலில் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி, செதுக்குவதைப் பற்றி. என் முதல் கானாங்கெளுத்தி அச்சை, மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “வால் பக்கத்துக் குட்டித் துடுப்பு எங்க தம்பி?” என்று கேட்டார். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே மேலே ஐந்தும் கீழே ஐந்துமாக அமைந்த சிறு துடுப்புகளை, அழகுக்கு இடையூறு என்று நான் விட்டுவிட்டிருந்தேன். அன்றே அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செதுக்கினேன். அந்த மீனோடு அன்றாடம் வாழ்பவர் கண்டதும் பெயர் சொல்ல வேண்டும். அதைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். கேழ்வரகின் கதிர் விரல்கள் உள்நோக்கி வளைவதும், முற்றிய தினைக்கதிர் பாரத்தால் தலை சாய்வதும், சாமைக்கதிர் கிளை பிரிந்து தளர்ந்து நிற்பதும் செதுக்கலில் தெரியாவிட்டால், மூன்றும் ‘ஏதோ ஒரு சிறுதானியம்’ ஆகிவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் நினைவில் வையுங்கள். தகட்டில் செதுக்குவது தாளில் இடவலம் மாறி விழும். பெரும்பாலான மீன்களில் இதனால் கேடில்லை. ஆனால் நாக்குமீனுக்கு இரு கண்களும் உடலின் இடப்பக்கத்தில் இருப்பவை. மாற்றிச் செதுக்காவிட்டால் அச்சில் அது வேறொரு மீனாகிவிடும். சங்கில் இது இன்னும் பெரிய பிழை, ஏனெனில் வலையில் அன்றாடம் அகப்படும் இடம்புரிச் சங்கு, தாளில் யாருக்கும் எளிதில் கிட்டாத வலம்புரியாக மாறி நிற்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் செய்த புகழ்பெற்ற கூம்புச்சங்கு அச்சில் தம் கையொப்பத்தை இடவலம் மாற்றி எழுதி நேராக விழச் செய்திருக்கிறார். சங்கின் சுழியோ இயற்கைக்கு மாறாகவே விழுந்திருக்கிறது. ஆகவே உளியை வைக்கும் முன், தகட்டில் வரைந்த படத்தை ஒரு கண்ணாடிக்கு முன் பிடித்து, கண்ணாடியில் தெரிவதைக் கையிலுள்ள மீனோடோ சங்கோடோ ஒப்பிட்டுப் பாருங்கள்.